இமையைப் புரட்டிப் பார்த்த பிறகு

2023 ஜூலையில் டெல்லியில் கண் சிவந்திருந்தால் யாரும் காரணம் கேட்கவில்லை. அந்த மாதம் 13ஆம் தேதி யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978ஆம் ஆண்டின் உச்சத்தைத் தாண்டியது. மயூர் விஹாரில் நாங்கள் நடந்துபோகும் சாலையோரம் முழுக்க, ஆற்றங்கரையிலிருந்து மேலேறி வந்தவர்கள் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். அதையொட்டிக் கண்நோயும் பரவியது. நம் ஊரில் ‘மெட்ராஸ் ஐ’ என்போம். இங்கே ‘ஐ ஃப்ளூ’. எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையத்துக்கு நாளொன்றுக்கு நூறு பேரளவில் இதற்காக வருவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. மெட்ரோவில் எதிர் இருக்கை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிகள்.

அதனால் நொய்டா அலுவலகத்தில் என் கண்ணைப் பார்த்த மேலாளர், இரண்டு மேசை தள்ளி நின்றபடியே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “மெட்ராஸிலிருந்து நேராக நீங்கள்தான் கொண்டுவந்தீர்களா?” என்று ஒரு சகா கேட்டுச் சிரித்தார். நான் தஞ்சாவூர்க்காரி என்பது அந்த நகைச்சுவைக்குத் தேவைப்படவில்லை.

எனக்கும் அந்தப் பெயர் வசதியாக இருந்தது. உண்மையில் அரிப்பு மே கடைசியிலேயே தொடங்கியிருந்தது. வினோதமான அரிப்பு அது. கான்டாக்ட் லென்ஸ் கண்ணில் இருக்கும்வரை ஓரளவு அடங்கியிருக்கும். இரவு கழற்றிய அடுத்த நிமிடம், மேல் இமைக்குள் யாரோ மிளகாய்க் காம்பால் கோடு கிழிப்பது போல ஆரம்பிக்கும். புறங்கையால் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க வரும் சுகத்தைச் சொல்லி மாளாது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். காலையில் மூக்கோர முனையில் வெள்ளையாக, நூல் போல இழுபடும் பீளை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரையில் எழுத்துகள் கலங்கும், இமைத்தால் தெளியும், மறுபடி கலங்கும். சில சமயம் இமைக்கும்போது லென்ஸே மேலேறிப் போய்விடும். லென்ஸ் வாங்கிய கடை அளவு தப்பாகக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். மே மாதத்து அனல் காற்று, தூசி, குளிர்சாதனம் என்று டெல்லியில் பழிபோட ஆளுக்கா பஞ்சம்?

மருந்துக் கடையில் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. “ஐ ஃப்ளூவா?” என்று கேட்டு ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இரண்டே நாளில் சிவப்பு போனது. அதிசய மருந்து என்று நினைத்து லென்ஸைத் திரும்ப மாட்டினேன். ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. இரண்டாவது புட்டி வாங்கினேன். அந்தச் சிறிய அட்டைப் பெட்டியில் ‘டெக்ஸாமெதசோன்’ என்று அச்சிட்டிருந்ததைப் படிக்கவும் செய்தேன். படித்து என்ன பயன், அது ஸ்டீராய்டு என்று எனக்குத் தெரியாது.

அம்மா தொலைபேசியில் நந்தியாவட்டைப் பூவை நீரில் நனைத்து மூடிய கண்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். டெல்லியில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது என்று எரிச்சலோடு கேட்டேன். பிறகுதான் கவனித்தேன், கீழ்வீட்டு ஆன்ட்டி ‘சாந்தினி’ என்று தொட்டியில் வளர்க்கும் செடியே அதுதான். பூ வைத்தேன். பத்து நிமிடம் சுகமாக இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

என்னை மருத்துவரிடம் தள்ளியது என் அறைத்தோழி. நாகர்கோவில்காரி, கணக்கு ஆசிரியை. எதையும் எண்ணிப் பார்ப்பவள். “மூன்று வாரமாக உனக்கு ஐ ஃப்ளூ. ஒரே அறை, ஒரே கண்ணாடி, நேற்று என் துண்டில்தான் நீ முகம் துடைத்தாய். எனக்கு ஏன் வரவில்லை?” என்றாள். அவளுக்கு வராததில் அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ என்னவோ.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. நடுவயதுப் பெண் மருத்துவர். முதலில் கண்ணைப் பார்க்கவில்லை, கேள்விதான் கேட்டார். மாட்டியிருக்கும்போது அதிகம் அரிக்கிறதா, கழற்றிய பிறகா? பீளை மஞ்சளா, வெள்ளையா? லென்ஸ் மேலே நகர்கிறதா? நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிய விதத்திலேயே ஐ ஃப்ளூ கழன்றுகொண்டது எனக்குப் புரிந்தது.

பிறகு கருவியின் தாங்கியில் தாடையை வைக்கச் சொன்னார். “கீழே பாருங்கள்.” ஒரு கையால் இமை மயிரைப் பிடித்து, மறுகையில் இருந்த பஞ்சுக் குச்சியை மேல் இமையின்மேல் வைத்து, சட்டென்று இமையைப் புரட்டினார். நான் அலறாத குறை. பயத்தில் கண்ணை இறுக்கினேன், இமை பழையபடி திரும்பிக்கொண்டது. “இறுக்கினால் இருவருக்கும் சிரமம். கீழே மட்டும் பாருங்கள்” என்றார். மூன்றாவது முயற்சியில்தான் நடந்தது. வலி இல்லை, தன் உடம்பில் புரளக்கூடாத ஒன்று புரள்கிறதே என்ற கூச்சம்தான். ஆரஞ்சு நிறச் சாயத் தாளைத் தொட்டுவைத்து, நீல வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார். எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்.

வேகவைத்த ஜவ்வரிசியை நெருக்கமாகப் பரப்பி வைத்தது போல இருந்தது என் இமையின் உட்புறம். வழவழப்பாக இருக்கவேண்டிய இடம் அது. சிவந்த தசையில் மேடுமேடாக, ஒன்றிரண்டு ஒரு மில்லிமீட்டர் அகலத்தில். “ஜயன்ட் பாப்பில்லரி கன்ஜங்டிவைட்டிஸ். இமையின் உட்புறச் சவ்வு அழன்று இப்படிப் பெரிய மேடுகள் எழும் நோய். இது யாருக்கும் ஒட்டாது. யாரிடமிருந்தும் உங்களுக்கு வரவும் இல்லை” என்றார்.

லென்ஸைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பனி படிந்த ஜன்னல் போல மங்கலாக இருந்தது. கண்ணீரில் உள்ள புரதங்கள் லென்ஸின்மேல் படிகின்றன. அதில் பெரும்பங்கு லைசோசைம். கிருமிகளின் சுவரை உடைத்துக் கண்ணைக் காக்கும் அதே லைசோசைம்தான். லென்ஸில் ஒட்டி உருக்குலைந்த புரதத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்துப் போர் தொடுக்கிறது. கூடவே, நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும்போது மேல் இமை அந்தப் படிவின்மேலும் லென்ஸின் விளிம்பின்மேலும் உரசுகிறது. ஒவ்வாமையும் உரசலும் சேர்ந்து எழுப்பியவைதான் அந்த மேடுகள். செயற்கைக் கண் வைத்திருப்பவர்களுக்கும், அறுவை சிகிச்சைத் தையல் வெளியே துருத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே நோய் வருமாம்.

அடுத்து வந்தது விசாரணை. மாதாந்திர லென்ஸ் எத்தனை நாள் போடுகிறீர்கள்? ஐம்பது, அறுபது நாள் என்றேன். (தினமும் போடாததால் கணக்கு சரியாகிவிடும் என்பது என் எண்ணம். உறையைத் திறந்த நாளிலிருந்துதான் கணக்காம்.) கரைசலை ஊற்றி விரலால் தேய்த்துக் கழுவுகிறீர்களா? புட்டியில் ‘தேய்க்க வேண்டியதில்லை’ என்று போட்டிருந்ததே. டப்பாவில் பழைய கரைசலைக் கொட்டுகிறீர்களா? இல்லை, குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொள்வேன், புளித்த மாவோடு புது மாவைச் சேர்ப்பது போல. டப்பாவை எதில் கழுவுகிறீர்கள்? குழாய்த் தண்ணீரில்.

இதுவரை பொறுமையாக இருந்தவர் இங்கேதான் கோபப்பட்டார். வெள்ளத்தால் நகரத்தின் சுத்திகரிப்பு நிலையங்களையே மூடிய மாதத்தில் குழாய்த் தண்ணீரா என்று கேட்டார். வெள்ளம் இல்லாத மாதத்திலும் கூடாதாம். தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் போனால், மாதக்கணக்கில் மருந்து, பார்வையே போகும் அபாயம். “உங்களுக்கு வந்தது சின்ன நோய். அதிர்ஷ்டம்” என்றார். டப்பாவைத் தானே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

மருந்துக்கடைச் சொட்டைப் பற்றிச் சொன்னதும் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தார். இரண்டு கண்ணிலும் 18. பத்திலிருந்து இருபத்தொன்று வரை இயல்பு என்பதால் தப்பித்தேன். ஸ்டீராய்டு சிலருக்கு இந்த அழுத்தத்தை ஏற்றிவிடும். வலியே தெரியாமல் பார்வை நரம்பு பழுதாகும். நீண்டநாள் போட்டால் கண்புரையும் வரும். ஆனால் அவர் எழுதிக்கொடுத்த சீட்டிலும் ஒரு ஸ்டீராய்டு இருந்தது! லோட்டிபிரட்னால், முதல் வாரம் நான்கு வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, பிறகு நிறுத்தம், அதற்குள் மறுபடி அழுத்தம் அளக்க வரவேண்டும். அப்படியானால் கடைக்காரர் கொடுத்தது மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். “அவர் நிறுத்தும் தேதி சொன்னாரா?” என்றார்.

மற்றவை: ஒவ்வாமையைத் தணிக்கும் ஓலோபடடின் சொட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று; நாளுக்கு நான்கைந்து முறை, பதப்படுத்தும் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர், ஒரு முறை திறந்தால் எறிந்துவிடும் குட்டிக் குப்பிகளில்; குளிர்ந்த ஒத்தடம். பூவைச் சொன்னபோது, “சுகம் தந்தது குளிர்ச்சி. துணியை நனைத்து வையுங்கள், பூவைச் சாமிக்கு வையுங்கள்” என்றார். அம்மாவிடம் இதில் பாதியை மட்டும் சொன்னேன்.

ஆனால் சீட்டின் முதல் வரி இவை எதுவும் இல்லை: லென்ஸ் கூடாது, குறைந்தது நான்கு வாரம். அதுதான் மருந்து, மற்றதெல்லாம் துணை என்று இரண்டு முறை சொன்னார்.

இங்கேதான் எனக்கு உண்மையான சிரமம். சொட்டு மருந்தை யாரும் போட்டுக்கொள்வார்கள். பதினொரு வருடமாக நான் கண்ணாடியோடு வாசல் தாண்டியதில்லை. பள்ளியில் என் பெயர் ‘சோடாபுட்டி’. கல்லூரி சேர்ந்த முதல் மாதமே அப்பாவிடம் அழுது லென்ஸ் வாங்கியது அந்தப் பெயரைத் தஞ்சாவூரிலேயே விட்டுவிட்டு வரத்தான். வீட்டில் இரவு மட்டும் போடும் பழைய கண்ணாடியில் மெட்ரோ நிலையப் பலகை தெரியவில்லை. ஒரு வாரம் லென்ஸ் இல்லாமல் இருந்துவிட்டுப் புதிதாக அளவெடுத்தார்கள்: மைனஸ் 7. என் லென்ஸ் பெட்டியில் 6.5தானே, ஏறிவிட்டதா என்று பதறினேன். ஏறவில்லை. கண்ணாடி கண்ணைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதால், இந்த அளவில் அதற்கு அரை எண் கூடுதலாகத் தேவைப்படுகிறது. லென்ஸ் கண்மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் குறைவு.

குளிரூட்டிய மெட்ரோவிலிருந்து ஆகஸ்ட் புழுக்கத்தில் இறங்கியதும் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பிளாட்பாரத்தில் நின்று துப்பட்டாவால் துடைப்பேன். முதல் நாள் அலுவலகத்தில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பதில்கள் தயார் செய்துகொண்டு போனேன். மேலாளர் “ஐ ஃப்ளூ சரியாகிவிட்டதா?” என்று மட்டும் கேட்டார். மற்றவர்கள் அதையும் கேட்கவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் 19இல் அரிப்பு முக்கால்வாசி குறைந்திருந்தது, அழுத்தம் 17. இமையைப் புரட்டிப் பார்த்தால் ஜவ்வரிசி அப்படியே இருந்தது. ஏமாந்துவிட்டேன். அரிப்பு முதலில் போகும், மேடுகள் தணிய மாதங்கள் ஆகும். படத்தைப் பார்த்துச் சோர வேண்டாம், பீளையையும் அரிப்பையும் கவனியுங்கள் என்றார். செப்டம்பர் 9இல் அடுத்த சந்திப்பு. அன்றுதான் ஜி-20 மாநாடு. 8 முதல் 10 வரை டெல்லிக்கே விடுமுறை, மருத்துவமனையும் மூடல். உலகத் தலைவர்கள் புண்ணியத்தில் எனக்கு இன்னொரு வாரம் கண்ணாடி. அந்த ஒரு வாரத்தைக் கண்டிப்பாக நானே எடுத்திருக்க மாட்டேன், முந்தைய இரவே மாட்டியிருப்பேன்.

16ஆம் தேதி அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. மாதாந்திர லென்ஸ் இனி இல்லை. காலையில் பிரித்து இரவில் எறியும் தினசரி லென்ஸ்தான். புரதம் படிந்து பழசாவதற்கு அதற்கு நேரமே இல்லை. டப்பாவும் இல்லை, கரைசலும் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் மூன்று நான்கு நாள். ஓலோபடடினைத் தொடர்ந்தால், சொட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்தே லென்ஸ். விலைதான் உறைக்கிறது: தினமும் போட்டால் இரண்டு கண்ணுக்கும் மாதம் மூவாயிரத்துக்கு மேல். அறைத்தோழி உடனே கணக்குப் போட்டாள்: மருத்துவர், இரண்டு வீண் புட்டிகள், புதுக் கண்ணாடி, குட்டிக் குப்பிகள் எல்லாம் சேர்த்தால், மாதாந்திர லென்ஸை அறுபது நாளுக்கு இழுத்து நான் மிச்சம் பிடித்தது எப்போதோ கரைந்துவிட்டதாம்.

நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே காற்று புகைந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு வாரம் லென்ஸைத் தொடவில்லை, யாரும் சொல்லாமலே. ஆன்ட்டி வீட்டுப் படிக்கட்டில் கண்ணாடியோடு மத்தாப்பு கொளுத்தும் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். “அப்பா ஜாடை இப்போதுதான் தெரிகிறது” என்று எழுதியிருந்தாள்.

ஜனவரியில் மறுபடி போனேன். அதே தாங்கி, அதே பஞ்சுக் குச்சி. அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் கீழே பார்த்துவிட்டேன்.