பொறிக்கு முன்னால் ஓட்டையைப் பாருங்கள்

எலி நடமாட்டம் தெரிந்ததும் பொறி வாங்க ஓடாதீர்கள். ஒரு பென்சிலோடு சுவரோரமாகச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் சந்து, சுமார் 6 மில்லிமீட்டர், சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு 12. கதவின் அடி, சிங்க் குழாய், ஏசி பைப் சுவருக்குள் போகும் இடம், இவைதான் பெரும்பாலும் வழி.

வெறும் ஃபோம் அடித்து மூடாதீர்கள், கொறித்துவிடும். துருப்பிடிக்காத கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து, மேலே சீலன்ட் அல்லது சிமென்ட் பூசுங்கள்.

அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரை ஒட்டும்படி வையுங்கள். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். இரை பட்டாணி அளவு போதும். அதிகமானால் விசையை அமுக்காமலே நக்கிவிட்டுப் போய்விடும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அதனால் விசை ஏற்றாமல் இரை மட்டும் வைத்து, அது பயமின்றித் தின்னத் தொடங்கியபின் ஏற்றுங்கள். பலர் பொறுமையிழந்து பொறியை இடம் மாற்றுவது இங்கேதான். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

விஷம் கடைசி வழி. தின்ற எலி சில நாள் கழித்து எங்கோ சுவருக்குள் செத்து நாறும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து.

காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, தூசியோடு கிருமி மூச்சில் ஏறும். கையுறை அணிந்து, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் ஊறியபின் காகிதத்தால் துடைத்தெடுங்கள்.