16-ஆம் நாளில் இன்டர்வெல்

இறந்தவர் குரலில் பேசும் கருவியை வைத்துச் சினிமாக் கதை பண்ண உட்காருகிறவர்கள் முதலில் கருவியைத்தான் வரைகிறார்கள். திரை எப்படி இருக்கும், கம்பெனிக்கு என்ன பெயர் என்பதிலேயே அரை நோட்டு தீர்ந்துவிடும். அதை மூடி வைத்துவிட்டு ஒரு காலண்டரை எடுங்கள். இந்த மாதிரிக் கதையை நாட்கள்தான் நகர்த்தும்.

நம் வீடுகளில் சாவுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. 3-ஆம் நாள் பால், 16-ஆம் நாள் கருமாதி, அப்புறம் வருஷ தெவசம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் ஏதோ ஒரு நாளில் "போதும், எழுந்து வேலையப் பாரு" என்று சொல்ல உறவுக்கு உரிமை வந்துவிடும். போனுக்கு வேறு கணக்கு. ப்ரீபெய்ட் எண்ணை 90 நாள் தொடாவிட்டால் துண்டிக்கலாம். 20 ரூபாய் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த எண் இன்னும் 90 நாள் கழிந்தபின் வேறு ஆளுக்குப் போகலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் அழியும். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவை முட்டிக்கொள்ளும் இடமெல்லாம் ஒரு சீன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு ஸ்ரீராமபுரம். பீன்யாவில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா இறந்துவிட்டார். அம்மா, மகன், ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் மகள். படத்தின் உலகத்துக்கு ஒரே ஒரு புதுச் சட்டம் போதும்: இறந்தவரின் குரல் கையெழுத்துக்குச் சமம். அவர் பேசிக்கொண்டிருக்கும் வரை வீட்டு லீஸ் ஓடும், சீட்டு ஓடும், கடனும் ஓடும். அவர் செத்ததாக ஒப்புக்கொள்ள வீட்டு ஓனருக்கும் மனசில்லை, மகனுக்கும் மனசில்லை. இரண்டாவது சட்டம் ஒன்று தேவைப்பட்டால் முதல் சட்டம் பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம். பறக்கும் கேமராவும் கறுப்புச் சீருடையும் அப்படித்தான் கதைக்குள் நுழைகின்றன.

குரல் நகல் எடுப்பது எப்படி என்று மூன்று பக்கம் விளக்க வேண்டாம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் 2024-ல் ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரின் ஒப்புதலோடு ஊதியம் கொடுத்து, செயற்கை நுண்ணறிவால் (ஏ.ஐ.) மீட்டுப் பாட்டில் பயன்படுத்தினார். தமிழ் ரசிகருக்கு விஷயம் தெரியும். அது எங்கே சறுக்கும் என்று காட்டுவதில்தான் உழைப்பு வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகள் சுருக்கப்பட்ட ஒலி. பின்னால் பஸ் ஹாரன், குக்கர் விசில். சுத்தம் செய்யும்போது மூச்சும் செருமலும் சேர்ந்து போய்விடும். பெங்களூரு அப்பா ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமுமாகப் பேசியிருப்பார். "ஊட்ட ஆய்த்தா" (சாப்பாடு ஆச்சா) என்று கன்னடத்தில் கேட்டே போனை எடுத்த மனுஷன், திரும்பி வரும்போது செய்தி வாசிக்கிறார். அதைவிடப் பெரிய சறுக்கல், நடக்காததை நினைவுகூர்வது. தரவு இல்லாத இடத்தில் அந்தக் குரலைப் பேச வைக்கும் ஏ.ஐ. மாடல் மௌனமாக இருக்காது, பொருத்தமாக ஒன்றைச் சொல்லும். மகள் பிறந்த ராத்திரியைப் பற்றி அது ஒரு அழகான பொய் சொல்லட்டும். அம்மாவுக்கு மட்டும் அது பொய் என்று தெரியட்டும்.

இன்டர்வெல் 16-ஆம் நாளில் விழ வேண்டும். 120 பக்க ஸ்கிரிப்ட் என்றால் 58 முதல் 62-ஆம் பக்கத்துக்குள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அப்பாவின் அக்கா வருகிறாள். சாவன்று வர முடியாதவள். வாசலிலேயே ஒப்பாரி எடுக்கிறாள்: "என் பொறப்பே, ஏணி வச்சு ஏறிப் போனவனே, எந்தத் தெருவுல எறங்குன?" ஒப்பாரி முழுக்கக் கேள்விதான், பதில் வராது என்று தெரிந்தே கேட்கும் கேள்வி. அதன் பாரத்தைத் தாங்குவது அந்த மௌனம். இங்கே அலமாரிமேல் இருக்கும் போன் பதில் சொல்கிறது: "அக்கா, நான் இங்கதான் இருக்கேன். சாப்பிட்டியா?" அவள் பாட்டு பாதியில் நிற்கிறது. பின்னணி இசை கூடாது. கூட்டத்தில் யாரும் அழக் கூடாது. அழுகை எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் அந்த முகம்தான் இன்டர்வெல் கார்டு.

இரண்டாம் பாதி பெரும்பாலும் தொய்ந்துபோகும். காரணம், எல்லாக் காட்சியும் ஒரே இழப்பைச் சுற்றுவது. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதல் பாதி இழவில் தீர்ந்துவிடும். மீதி மூன்றும் பின்பாதிக்கு. குரல் சேவைக்கு மாதச் சந்தா கட்ட அம்மா தாலிச் சங்கிலியை அடகு வைப்பது வறுமை. தள்ளுபடி கேட்டு வாடிக்கையாளர் சேவை மையத்தில் கெஞ்சுவது இளிவு. அந்த வீட்டில் இத்தனை வருஷம் முடிவெடுத்தவள், இனி எதற்கும் போனிடம் சம்மதம் வாங்குவது அசைவு. முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல் என்கிறது உரை. குரல் பேசும் காட்சிகள் மொத்தப் படத்தில் ஏழுக்கு மேல் போனால் பார்வையாளர் பழகிவிடுவார்.

சண்டைக்கு நிஜச் சட்டமே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 14: தான் இறந்தபின் தன் தரவு மீதான உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். அப்பா நியமித்தது அம்மாவையோ பிள்ளைகளையோ இல்லை, அக்காவை. அது 75-ஆம் பக்கத்தில் தெரிய வரட்டும்.

180 நாளுக்குப் பிறகு பழைய எண் மாரத்தஹள்ளியில் ஒரு டெலிவரிப் பையனிடம் இருக்கிறது. பழக்கத்தில் அம்மா அதற்கு அடிக்கிறாள். அவனை வில்லனாகவோ தேவதூதனாகவோ ஆக்கிவிடாதீர்கள். டெலிவரி பண்ண வேண்டிய அவசரத்தில் இருப்பவன். "யாரு பேசுறீங்க?" என்று கேட்கிறான், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் குரல் அது.

கிளைமாக்ஸில் போனை அணைக்கும் குளோசப் வேண்டாம். எல்லாரும் எதிர்பார்ப்பது அது. சாவே பதியப்படாததால் அஸ்தி இன்னும் பரணில் இருக்கிறது. தெவசத்தன்று அம்மாவும் அக்காவும் அதை எடுத்துக்கொண்டு சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினிக்குப் போகிறார்கள். போன் வீட்டில், சார்ஜரில். கலயம் தண்ணீரைத் தொட்டதும் அக்கா விட்ட வரியிலிருந்து எடுக்கிறாள். ஒலிப்பதிவில் அவள் குரலுக்குப் பிறகு 40 வினாடி காவிரிச் சத்தம் மட்டும் விடுங்கள். டைட்டில் இசையை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.