இரவில் ஒற்றை ஆளை நிறுத்தாதீர்கள்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்காரர்கள் யாருக்கும் 2020 ஜனவரி 8 மறந்திருக்காது. அன்று இரவுதான் சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் எல்லைச் சாலையில் ராத்திரி ஒரு போலீஸ்காரர் தனியாக நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். பதிவேட்டில் ஆள் உண்டு. ஆனால் ஒருவர் கோர்ட்டில், ஒருவர் சம்மன் கொடுக்கப் போயிருப்பார், இன்னொருவர் அயல்பணியில் எங்கோ இருப்பார். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா வந்தால் மிச்சம் இருப்பவர்களும் பந்தோபஸ்துக்குப் போயாக வேண்டும். அப்புறம் கேரளாவுக்குப் போகும் ரேஷன் அரிசியை யார் மறிப்பது?

என் சித்தி மகன் குரூப் 4 தேறியதும் காவலர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். மகளுக்குக் காது குத்திய அன்று அவன் தூத்துக்குடியில் பந்தோபஸ்தில் நின்றான். "சம்பளம் பிரச்சினை இல்லண்ணே, லீவு கேட்டுக் கேட்டு மடுத்துப் போச்சு" என்றான். நல்ல பையன், நல்ல போலீஸ்காரனாக இருந்திருப்பான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

2021இல் காவலர்களுக்கு வார ஓய்வு என்று அரசாணை வந்தது. அவசியமான ஆணை. ஆனால் ஓய்வில் போகிறவருக்குப் பதிலாக நிற்க ஆள் வேண்டுமே! எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, பயிற்சி எல்லாம் முடிந்து ஒருவர் ஸ்டேஷனுக்கு வர நெடுநாள் ஆகும். யார் எப்போது பணி ஓய்வு பெறுவார் என்பது முன்பே தெரிந்த கணக்குதானே, ஆளெடுப்பை முன்கூட்டியே தொடங்கலாம். அதுவரை எல்லைச் சாவடியில் இரவுக்கு இரண்டு பேராவது போடுங்கள்.