ஆஞ்சியோ நார்மல், ஆனாலும் நெஞ்சு வலி

எனக்கு வலி வந்ததெல்லாம் விடியற்காலை நாலு மணி வாக்கில்தான். நடு நெஞ்சை அழுத்திப் பிடித்து, இடது தாடை வரை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். பகலில் மூன்று மாடி ஏறினாலும் ஒன்றும் செய்யாது. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். கடைசியில் ஆஞ்சியோவும் எடுத்து, "பிளாக் எதுவும் இல்லம்மா, கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் நிற்கவில்லை.

அடுத்துப் பார்த்த இதய டாக்டர் முதலில் கேட்டதே, "எந்த நேரத்துல வருது?" என்றுதான். 24 மணி நேரமும் ஈ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை மாட்டிவிட்டார். வலித்த அந்தச் சில நிமிஷம் மட்டும் ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்ற பகுதி மேலே ஏறி, பிறகு பழையபடி இறங்கியிருந்தது. இதயத் தமனி திடீரென்று சுருங்கிக்கொள்கிறது (ஸ்பாசம்), 1959-லேயே பிரின்ஸ்மெட்டல் என்ற டாக்டர் எழுதிய ஆஞ்சைனா (இதய நெஞ்சு வலி) வகை இது என்றார். உறுதி செய்ய, அசிட்டைல்கோலின் என்ற மருந்தை இதயத் தமனிக்குள் செலுத்திப் பார்க்கும் டெஸ்ட்.

அந்த மருந்து ஏன் என்று அவர் விளக்கியதை மறக்க மாட்டேன். ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. அசிட்டைல்கோலின் பட்டதும் அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும்; குழாய்த் தசை தளரும். படலம் பழுதாகியிருந்தால் அந்தச் சுரப்பு குறைந்துவிடும். மருந்து நேராகத் தசையைத் தாக்கும், குழாய் இறுகும். ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி 1980-ல் முயலின் பெருந்தமனியில் இதைக் காட்டினார்: உள்படலத்தைத் தேய்த்து எடுத்த துண்டு தளரவே இல்லை. 1998 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. தசையே எளிதில் சுருங்கிக்கொள்ளும் தன்மையோடு இருந்தால் இறுக்கம் இன்னும் மோசமாகுமாம்.

ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் மணிக்கட்டு வழியாக மெல்லிய டியூப் விட்டார்கள். இந்த மருந்து இதயத் துடிப்பைத் தடாலென்று குறைக்கும் என்பதால் தற்காலிக பேஸ்மேக்கர் வயர் ஒன்றும் போட்டார்கள். இதயத்தின் வலது தமனியில் 20 மைக்ரோகிராம்: ஒன்றுமில்லை. 50 மைக்ரோகிராம் போனதும் அதே வலி, அதே தாடை. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். நன்றாக இருந்த ரத்தக்குழாய் நடுவில் நூலாக மெலிந்து, அதற்குக் கீழே டை (எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டும் மருந்து) இறங்கவே இல்லை. "இந்த வலிதானா?" என்றார். "இதேதான் சார்." குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மருந்தைச் செலுத்தியதும் அந்த இடம் விரிந்தது, வலியும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாத வலியை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

இப்போது படுக்கும் முன், தமனி சுருங்காமல் தடுக்கும் டில்டியாசம் மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கு நான் சாப்பிட்டுவந்த புரோப்ரனலால் ஸ்பாசத்தைக் கூட்டக்கூடியது என்று படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இன்னொரு ஒற்றைத் தலைவலி மருந்தான சுமாட்ரிப்டானும் கூடவே கூடாது. இந்தப் படலத்துக்குப் பெரிய எதிரி சிகரெட் புகை என்பதால் வீட்டில் யாரும் பிடிக்கக் கூடாது என்று என் கணவரிடம் நேராகவே சொன்னார்.

ஆஞ்சியோ நார்மல் என்று வந்தும் ராத்திரியில், விடியற்காலையில் வலிக்கிறவர்கள் "ஸ்பாசமா இருக்குமா டாக்டர்?" என்று கட்டாயம் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், தலைவலி மாத்திரை உட்பட, எடுத்துப்போய்க் காட்டுங்கள். எனக்குச் சொல்லியிருப்பது: வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை; 5 நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108.