பக்கத்து வீட்டுக் கொடி

2023 நவம்பர். தாங்ஸ்கிவிங் கிழமை பிறந்தும் பக்கத்து வீட்டு வாசலில் கொடியைக் காணவில்லை. பாதி கறுப்பும் பொன்னிறமும், அது யூசிஎஃப் பல்கலைக்கழகம். மீதி பச்சையும் பொன்னிறமும், அது யூஎஸ்எஃப் பல்கலைக்கழகம். இரண்டும் ஃப்ளோரிடாவில்தான். கணவர் ஒர்லாண்டோவில் படித்தவர், மனைவி தம்பாவில் படித்தவர். “கொடி எங்கே?” என்று கேட்டேன். “இந்த வருடம் மட்ச் இல்லையே” என்றார் அவர் மனைவி. நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

நான் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. எங்கள் சென்றலும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட் ‘பிக் மட்ச்’சில் மோதுகின்றன. இங்கே யூசிஎஃப் அமெரிக்கன் ஃபுட்போல் தொடங்கியதே 1979இல், யூஎஸ்எஃப் 1997இல். இரண்டும் முதலில் சந்தித்தது 2005இல். இதெல்லாம் ஒரு பகையா என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன்.

2017இல் பக்கத்து வீட்டார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யூஎஸ்எஃப் 42-42 என்று சமப்படுத்தியது. அடுத்த உதையைப் பிடித்த யூசிஎஃப் பையன் 95 யார் தூரம் ஓடி முடித்தான். 49-42. எல்லோரும் குதித்ததில் உலோகத் தட்டுகள் காலடியில் ஆடின. அந்த மைதானத்துக்கு ‘பவுன்ஸ் ஹவுஸ்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். குதித்துக்கொண்டிருந்த கணவர் திடீரென்று நிறுத்தி, தலையில் கைவைத்திருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்றோடு எனக்கும் அது பிக் மட்ச் ஆகிவிட்டது.

2023 ஜூலையில் யூசிஎஃப், யூஎஸ்எஃபோடு சேர்ந்திருந்த லீக்கை விட்டு, பிக் 12 கொன்ஃபரன்ஸ் என்ற பெரிய லீக்கில் சேர்ந்தது. பெரிய அணிகள், பெரிய பணம். 13-0 என்று ஒரு பருவத்தையே தோற்காமல் முடித்த அணிக்கு அந்த இடம் கிடைத்தது நியாயம்தான். ஆனால் ஐ-4 வீதியில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் தம்பாவை விட்டுவிட்டு, கன்சாஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் பறக்கிறார்கள். பிக் 12இல் சேர்ந்து சொந்த மண்ணில் ஆடிய முதல் மட்சில் பேய்லரை 35-7 என்று அடித்துவிட்டு, கடைசியில் 36-35 என்று தோற்றார்கள். அழுகை வரும் தோல்வி. மறுநாள் காலை நக்கலடிக்க ஒருவர் வேண்டாமா? பேய்லர்காரர் டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள்.

சென் ஜோன்ஸ் வென்றால் பெரியம்மாவின் மகன் எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி மூன்று தரம் மணியடிப்பார். ஒரு சொல் பேசமாட்டார். உள்ளே அம்மா சிரிப்பை அடக்குவது கேட்கும். நாங்கள் வென்ற வருடங்களில் நான் அவர் வீட்டுப் படலைக்குப் போவேன். என்னைக் கண்டதும் பெரியம்மா தேத்தண்ணி வைக்கப் போய்விடுவா.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. யூசிஎஃப் என்றால் ‘நாங்கள்’ என்றுதான் வாயில் வருகிறது. கறுப்புச் சட்டைகூட இரண்டு வைத்திருக்கிறேன். ஆனால் வீதியில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் இன்னும் யார் வென்றது என்றுதான் முதலில் தோன்றுகிறது.

கொடி இல்லாத அந்த வாசலில் நின்று இந்த மணிக் கதையைச் சொன்னேன். “அவர்கள் இன்னும் விளையாடுகிறார்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஓம், மார்ச் மாதத்தில்.”

“இங்கத்தைய நேரத்துக்கு எத்தனை மணி?”

“நள்ளிரவாகும்” என்றேன்.

“சரி, எழுப்புங்கள்” என்றார்.