ஒன்பதின் வால்

அந்தப் பலகையில் தமிழ் மொத்தம் ஆறே வரி. எழுதியவன் நான். அதில் ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து, பழைய கட்டடங்களுக்கு வரலாறு எழுதிக் கொடுப்பதும் பினாங்கில் ஒரு பிழைப்பாகிவிட்டது. செபராங் பிறைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் அந்த ஆசை வந்தது. அப்படி வந்ததுதான் இந்த ஒற்றைத் திரைத் தியேட்டர். முதலாளியான தவுக்கேயின் பேரன் அதைக் கோப்பிக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். வாசலில் வைக்க நான்கு மொழியில் பலகை வேண்டும் என்றார். ஊரைச் சொல்லப்போவதில்லை. ஆண்டையும்தான். அது முகப்பில் சிமெண்டில் பெரிதாக நிற்கிறது, ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய ஆண்டு ஒன்று.

அங்கே ஆபரேட்டராக இருந்த பெரியவரை மாடி அறைக்கு அழைத்துப் போனேன். மனிதர் குழந்தையாகிவிட்டார். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அது முடிவதற்குள் பக்கத்து புரொஜெக்டரில் அடுத்த ரீலை மாட்டி, அதன் விளக்கின் கார்பன் குச்சிகளை நெருக்கிச் சுடரைப் பிடித்துவைக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும், மோட்டாரைத் தட்ட வேண்டும். ஏழு விநாடியில் இன்னொரு பொட்டு, அப்போது மாற்ற வேண்டும். “கண்ணைச் சிமிட்டினா போச்சு தம்பி. கீழ செருப்பு பறக்கும்.”

கீழே வந்து ரோட்டைத் தாண்டி நின்றோம். அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

“அந்த ஒன்பதோட வால் சாஞ்சிருக்கு பாருங்க. அது என் கை.”

அவருக்குப் பதினேழு வயதில் நடந்ததாம். முகப்பைப் பூசியபோது மரப்பலகையில் ஆண்டு எண்ணை வெட்டி அதற்குள் சிமெண்டை அப்பினார்கள். பலகை நழுவியதில் வால் கோணிவிட்டது. பசார் பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் முகப்பில் ஆண்டு போட்டிருந்தாராம். “அவனுக்கு ரெண்டு வருஷம் முந்திப் போடுன்னாரு தவுக்கே. போட்டேன்.” உண்மையில் எப்போது கட்டினார்கள் என்று கேட்டேன். ஜப்பான்காரன் போன பிறகு, தன் அப்பா கல் சுமந்து கட்டியது என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோலாலம்பூர் கொலிசியம் தியேட்டர் 1920 என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. சிற்றூர்க் கொட்டகைக்கு அப்படி என்ன சான்று இருக்கும்? லைசென்ஸ் காகிதமெல்லாம் ஜப்பான் ஆட்சியில் தொலைந்தது என்றார் பேரன். இருக்கலாம், 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை தொலைந்தது காகிதம் மட்டுமா? ஆனால் சாக்கு வேண்டியவர்களுக்கும் அது வசதியான காலம். பழைய நாளிதழ்களை இரண்டு நாள் புரட்டினேன். போருக்கு முன் இந்தத் தியேட்டரின் விளம்பரம் கண்ணில் படவில்லை. அதை வைத்து என்ன சொல்ல முடியும்? லோரியில் மேளம் அடித்தாலே ஊர் திரண்டுவிடும் என்றால் நாளிதழுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பெரியவர் சொன்னதும் அப்பா வழி கேட்டதுதான். பேரன் சொன்னது தாத்தா வழி. இரண்டும் செவிவழிச் செய்தி, நான் ஏன் ஒன்றைப் பிடிக்க வேண்டும்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு செவிவழிச் செய்திக்கு மட்டும்தான் என்னிடம் காசோலை வந்தது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

“கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது” என்று எழுதினேன். நேர்மையான சொல் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அச்சாகி வந்தபோது மற்ற மூன்று மொழிகளிலும் “கட்டப்பட்டது” என்றே இருந்தது. சந்தேகத்தைத் தமிழ் மட்டும் சுமந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மறுபடி அச்சடிக்கும் செலவு யார் தலையில் விழும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

திறப்பு அன்று பெரியவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். விரலை வைத்து ஆறு வரியையும் படித்தார். அங்கே தமிழைப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

“கருதப்படுகிறதா? யாரு தம்பி கருதுறது?”

“அப்படி எழுதுறது வழக்கம் ஐயா.”

“ஓ,” என்றார். கோபமில்லை, கிண்டலும் இல்லை. தனக்குத் தெரியாத தொழில் நுணுக்கம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரித் தலையாட்டினார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் என் பக்கத்து நியாயத்தையாவது சொல்லியிருப்பேன். அவர் பெயரையாவது பலகையில் போட்டிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. எதற்கு, எண்ணைப் பதித்தவர் என்றா?

போன மாதம் அந்த வழியாகப் போனபோது உள்ளே போய் ஒரு கோப்பி குடித்தேன். கோப்பையில் அந்த ஆண்டையே சின்னமாக அச்சடித்திருக்கிறார்கள். முகப்பில் இருப்பதுபோலவே தடித்த எழுத்து. ஒன்பதின் வாலை மட்டும் நேராக்கியிருக்கிறார்கள்.