பழைய டிரம் சாண்டர் தேடிய கதை

கிதாரின் பின்பலகையைக் கையால் இழைக்கும் பொறுமை எனக்குப் போய்விட்டது. ரோஸ்வுட்டை இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவர ஒரு நாள் ஆகும். நார் திரும்பும் இடத்தில் சில்லு பெயர்ந்தால் அந்த நாளும் வீண்.

அதனால் பழைய டிரம் சாண்டர் ஒன்றைத் தேடினேன்; உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று பலகையைத் தேய்க்கும் இயந்திரம் அது. முதலில் பார்த்தது ஒரு பக்கம் திறந்த வகை. உருளை 16 அங்குலம்தான். பலகையைத் திருப்பி விட்டால் 32 அங்குலம் வரை தேய்க்கலாம். பெயின்ட் பளபளத்தது. ஒரே பலகையில் அறுத்த இரண்டு பட்டைகளும், தடிமன் அளக்கும் காலிப்பரும் கொண்டுபோயிருந்தேன். உருளையின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக விட்டு அளந்தால் 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம். மேசைப் பலகைக்குப் பரவாயில்லை, கிதாருக்கு ஆகாது. "ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகிடும்" என்றார் விற்றவர். திருகினோம், சரியானது. அடுத்த பட்டையிலேயே பழைய குருடி கதவைத் திறடி!

இரண்டாவது பார்க்கவே பாவமாக இருந்தது. துரு, கிழிந்த கன்வேயர் பெல்ட். ஆனால் உருளையைக் கையால் சுற்றினால் பேரிங்கில் கரகரப்பே இல்லை, வித்தியாசமும் 0.1க்குள். பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம், முதலாவதைப் போல வளையும் இரும்பை என்ன செய்வது? வாங்கிவிட்டேன்.

அப்புறம், ஆசையில் முதல் தடவையே ஆழமாக விட்டேன். ரோஸ்வுட்டின் பிசின் 120 நம்பர் தாளில் அப்பி, பலகை முழுக்கக் கறுப்புக் கோடு. இப்போது அதைவிடச் சொரசொரப்பான 80 நம்பர் தாள்தான், உருளையைக் கைப்பிடியில் கால் சுற்றுக்கு மேல் இறக்குவதில்லை.